முந்நூறு இசைத்தட்டுகளின் பின்பக்கம்

அன்றைக்கு மெட்ராஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். கிடாரோடு ஸ்டீபன். ட்ரம்ஸ் அடிக்க பாபு. பாட வந்த என் அத்தை பச்சையம்மா. புல்புல்தாரா வாசிக்கவும், பாட்டு வரிகளை நோட்டில் எழுதி வைத்திருக்கவும் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காதை மூடிய கருவியோடு, கடைசிவரை தன் பெயரைச் சொல்லாத ஒலிப்பதிவாளர்.

வராதவர்கள் இரண்டு பேர். எங்கள் குழுவின் டோலக் கலைஞர் எழுமலை அண்ணன் வரவில்லை. நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிற நிலையில் கோலியனூரில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அவர் மனைவி அஞ்சலை அண்ணி வரவில்லை. அவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணனுக்குப் பதிலாக அவருடைய டோலக் வந்திருந்தது. அண்ணியே அதைப் பழைய சேலையில் சுற்றி, "பாத்து எடுத்துக்கினு போ தம்பி, பஸ்ஸுல கீழ வச்சிடாத" என்று என்னிடம் கொடுத்திருந்தார்.

நெஞ்சில் தங்கிய காய்ச்சல்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர், இருபத்தெட்டு வயதுக்காரனுக்கு நினைவுக் குறிப்பு எதற்கு என்று கார்டு போட்டிருந்தார். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எழுதத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. நான் எழுதாவிட்டால் சில விஷயங்கள் எழுதப்படாமலே போகும். பதில் அவ்வளவுதான்.

எழுமலை அண்ணனுக்குச் சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. காய்ச்சல் போய்விட்டது. ஆனால் போகிறபோது நெஞ்சுக்குள் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. முப்பது வயதில் அது தெரிந்தது. மெட்ராஸ் அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குக் காசு கிடையாது. வைக்கிற வால்வை மட்டும் நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டாயிரம் ரூபாய்.

கச்சேரி நடத்தியும் உண்டியல் ஏந்தியும் எட்டாயிரம் சேர்த்துவிட்டோம். அதற்கு மேல் நகரவில்லை. இசைத்தட்டு போடலாம் என்ற யோசனை ஸ்டீபனுடையது.

நாத்துப் பாட்டும் கிடாரும்

ஸ்டீபன் திண்டிவனத்துக்காரன். அவன் அப்பா தட்டச்சுப் பள்ளி வைத்திருந்தார். கிடார் அவனுக்குத் தேவாலயப் பாடகர் குழுவில் வந்தது. எங்கள் குழுவுக்கு நிலையான பெயர்கூடக் கிடையாது. நோட்டீஸ் அடிக்கிறவர் என்ன போடுகிறாரோ அதுதான் பெயர். சினிமாப் பாட்டுதான் வாசிப்போம்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் பாடகர் வராமல் போய்விட்டார். சாப்பிட்ட ஜனம் எழுந்து போகத் தொடங்கியது. எழுமலை அண்ணன் டோலக்கைத் தொடைக்கடியில் இடுக்கிக்கொண்டு, அவர் அம்மா நாற்று நடும்போது பாடும் பாட்டை எடுத்துவிட்டார். ஸ்டீபன் ஒரு நிமிடம் திகைத்துவிட்டு, பின்னால் கிடாரைச் சேர்த்தான். பாபு மெதுவாக ட்ரம்ஸில் வந்து ஒட்டிக்கொண்டான். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். அதன்பிறகு எங்கே போனாலும் "அந்த நாத்துப் பாட்டு" என்று சீட்டு வரும்.

ஆகவே இசைத்தட்டின் முன்பக்கம் நடவுப் பாட்டு என்பதில் சண்டை இல்லை. பின்பக்கத்துக்கு என்ன என்று கேட்டபோது, அத்தையின் ஒப்பாரி என்று சொன்னவன் நான்.

கல்லூரியில் ஒப்பாரியை இலக்கியம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் தெருவில் கேட்டதைப் புத்தகத்தில் பார்த்த பெருமை எனக்குத் தலைக்கு மேல் இருந்தது.

கேசட் போடாமல் ஏன் தட்டு என்று கேட்கலாம். கேசட்டை ஒருவன் வாங்கினால் ஊரே நகல் எடுத்துக்கொள்ளும். தட்டை வாங்க ரேடியோ செட்காரர்கள் இருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போடும் அவர்களிடம் தட்டு சுழற்றும் பெட்டி இருந்தது.

அத்தை கேட்ட கேள்வி

நடவுப் பாட்டு இரண்டாவது முயற்சியிலேயே முடிந்துவிட்டது. எழுமலை அண்ணனின் டோலக்கைப் பாபு வாசித்தான். பிறகு ஒப்பாரி.

"யாருக்குடா பாடணும்?" என்றார் அத்தை.

"யாருக்கும் இல்ல அத்த. சும்மா பாடு."

"சும்மா பாடறதுக்கு இன்னா தாலாட்டா இது? செத்தவங்க இல்லாத எடத்துல அழுதா, அந்த அழுவ ஆள் தேடிக்கினு போவும்."

"மிஷினுக்குத்தான் அத்த."

"மிஷினு ஊட்டுல யாரு செத்தா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவாளர் சிரித்த சிரிப்பு ஒலிபெருக்கிப் பெட்டி வழியாக எங்களுக்குக் கேட்டது. வாடகை மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. நான் கெஞ்சினேன். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"சரி. எங்க ஊட்டு ஆளுக்கே பாடறேன். அது செத்தன்னிக்கு வவுத்துல புள்ளைய வச்சிக்கினு இருந்தேன். அழுவாத அழுவாதன்னு எல்லாரும் வாயப் பொத்திட்டாங்க. பாக்கி கீது."

அத்தையின் கணவர் பம்பை அடிப்பவர். ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போனவர்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொள்வார்கள். தனியாக நின்று யாரும் பாடுவதில்லை. அந்தக் கூடத்தில் அத்தைக்குத் தோள் கொடுக்க இன்னொரு பெண் இல்லை. நாங்கள் ஆண்கள். அத்தை சுற்றும்முற்றும் பார்த்தார். பக்கத்தில் இருந்த டோலக்கை இழுத்து, அதன்மேல் கையைப் போட்டு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒலிப்பதிவாளர் வந்து மைக்கைத் தாழ்த்தி வைத்தார்.

*தோளுல தொங்குன மேளம் – என் ராசா*
*தூணுல தொங்குதே*
*ஊருக்கெல்லாம் அடிச்ச கையி – இப்போ*
*ஓஞ்சி கெடக்குதே*

ஸ்டீபன் இரண்டே கம்பியில், தொட்டும் தொடாமலும் கிடாரை வாசித்தான். தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்தான் இடம். கண்ணாடிக்குப் பின்னால் கை உயர்ந்தது. அத்தை நிறுத்தவில்லை. அவருக்கு அந்தக் கை தெரியவே இல்லை. ஒலிப்பதிவாளர் கையைக் கீழே போட்டுவிட்டு, குமிழைத் திருகிச் சத்தத்தை மெல்ல மெல்லக் கரைத்தார்.

எல்லாம் முடிந்து அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு, "காப்பித்தண்ணி கெடைக்குமா?" என்றார். பாபு அழுதுகொண்டிருந்தான். நான் நோட்டில் வரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே காலையில் ஒன்பது

தட்டுகள் லாரி பார்சலில் திண்டிவனம் வந்தன. முந்நூறு. அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் புது ரெயின்கோட் வாசனை அடித்தது. செலவு முழுவதையும் தன் பங்காக ஸ்டீபனின் அப்பா ஏற்றுக்கொண்டிருந்தார். விலை பதினைந்து ரூபாய்.

மறுநாள் காலை ரேடியோ செட்காரர்களைத் தட்டச்சுப் பள்ளிக்கு வரச்சொல்லிப் போட்டுக் காட்டினோம். ஒன்பது பேர் அங்கேயே வாங்கினார்கள். நடவுப் பாட்டைப் பாதியிலேயே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எல்லோருக்கும் பின்பக்கம்தான் வேண்டியிருந்தது.

"எழவு ஊட்டுக்குப் போட ஒரு பாட்டு இல்லாம பேஜாரா இருந்துச்சி வாத்யாரே" என்றார் விக்கிரவாண்டி மணி. "சினிமாப் பாட்டு போட்டா ஜனம் சண்டைக்கு வருது. இது செம."

விழுப்புரத்துக் கடைக்காரர் ஒருவர், மிச்சம் இருப்பதை அப்படியே தான் எடுத்துக்கொள்வதாக ஆள் அனுப்பினார். நாலாயிரமும் ஒரே வாரத்தில் கையில் இருக்கும். ஆஸ்பத்திரியில் சேரச் சொன்ன திங்கட்கிழமைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை வர நாலு மாதம் ஆகும் என்றும், நாலு மாதம் தாங்காது என்றும் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

கோலியனூரில்

அன்று மதியமே ஸ்டீபன் வீட்டில் இருந்த தட்டு சுழற்றும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோலியனூர் போனோம். அண்ணி வாசலில் கூலிக்கு விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார். நடவுப் பாட்டு ஓடியபோது அண்ணன் கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் போட்டார். "பாபு, ரெண்டாவது அடில ஓடற. யாரு தொரத்துறா உன்ன?" என்று கிண்டல் செய்தார். அவர் பேசியதே பெரிதாக இருந்தது எங்களுக்கு.

பிறகு ஸ்டீபன் தட்டைத் திருப்பிப் போட்டான்.

இரண்டாவது வரியில் வாசலில் மல்லாட்டை உடையும் சத்தம் நின்றது. பாபு அதைக் கவனிக்கவில்லை. "அண்ணி, இங்க வந்து கேளுங்க. நம்ம டோலக்கத்தான் கட்டிப் புடிச்சிக்கினு பாடனாங்க. ஸ்டுடியோவே அழுதுச்சி" என்றான்.

அண்ணி உள்ளே வந்தார். சுழலுகிற தட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கீச்சென்று ஒரு சத்தத்தோடு பாட்டு நின்றது.

"எது மேல கை வச்சிப் பாடனாங்க?"

பாபு ஸ்டீபனைப் பார்த்தான்.

"கேக்கறேன் இல்ல. நான் சீலையில சுத்திக் குடுத்தேனே, அது மேலயா?"

"அண்ணி, அது அத்த அவங்க ஊட்டுக்காரருக்குப் பாடனது" என்றேன் நான்.

"உங்க அத்த ஊட்டுக்காரரு செத்துட்டாரு. எங்க ஊட்டுக்காரரு தோ குந்திக்கினு கீறாரு. மேளம் அடிச்சவன் செத்தான்னு இவரு மேளத்துமேல கை வச்சி அழுதா, அது யாரப் போய்ச் சேரும்?"

"அதெல்லாம் மூடநம்பிக்கை அண்ணி. வெறும் பாட்டு."

அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "நீ படிச்ச புள்ள. உங்க அம்மா தலையில கீற பூவ எடுத்துட்டு, ஒரே ஒரு நாளு வெள்ளச் சீல கட்டிக்கினு குந்தச் சொல்லு. வெறும் சீலதானே. சொல்லுவியா?"

என் அப்பா அன்று காணைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார்.

"வுடு அஞ்சல" என்றார் அண்ணன் மெதுவாக. "பாட்டு நல்லாத்தான் கீது. விக்கட்டும். எனக்கு ஒண்ணும் ஆவாது."

"நீ சும்மா கெட மாமா. என் தாலிய அறுத்து வித்து, அந்தக் காசுல எனக்கே தாலி வாங்கித் தர்றாங்க இவங்க." அண்ணி எங்கள் பக்கம் திரும்பினார். "எல்லாத் தட்டும் வரணும். ஒண்ணு வுடாம. அந்தப் பக்கம் எங்கனா ஓடிக்கினு இருக்கற வரிக்கும் ஆஸ்பத்திரி காயிதத்துல நான் கைநாட்டு வைக்க மாட்டேன்."

மனைவியின் கைநாட்டு இல்லாமல் அறுவை மேசையில் படுக்க வைக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

ஆணியும் காம்பஸும்

திரும்பி வருகையில் பஸ்ஸில் ஸ்டீபன் என்னிடம் ஒன்று மட்டும் சொன்னான். "பணம் எப்படியாவது வரும் சேகர். கைநாட்டு அவங்க கையிலதான் இருக்கு."

விழுப்புரத்துக் கடைக்காரருக்கு இல்லை என்று ஆள் அனுப்பினோம். தட்டச்சுப் பள்ளியின் பின்னறையில் உட்கார்ந்து, கையில் இருந்த இருநூற்றுத் தொண்ணூற்றொரு தட்டுகளின் பின்பக்கத்தையும் ஆணியாலும் காம்பஸ் முள்ளாலும் கீறினோம். விளிம்பில் தொடங்கி நடுச்சீட்டு வரைக்கும் குறுக்கும் நெடுக்குமாக. கறுப்பு நூல் போலச் சுருள் சுருளாக வந்து மடியில் விழுந்தது. முன் அறையில் பிள்ளைகள் தட்டச்சு அடிக்கும் சத்தம். இரண்டு நாள் ஆயிற்று. என் கட்டைவிரலில் வந்த கொப்புளம் உடைந்து, அதன்மேல் இன்னொன்று வந்தது.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். "நான் அப்பவே கேட்டேன் இல்ல, யாருக்குடான்னு" என்றார்.

வெளியே போன ஒன்பதில் எட்டைப் பாபுவும் நானும் திரும்ப வாங்கிவிட்டோம். திட்டினார்கள், ஆனாலும் பதினைந்து ரூபாயை வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். ஒன்பதாவது தட்டு விக்கிரவாண்டி மணியிடம் இருந்தது. மூன்று முறை போயும் ஆள் சிக்கவில்லை. அவர் கடைக்கு நான் நாலாவது முறை போனது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி. கடையில் இருந்த அவர் மனைவி, மேற்கே ஒரு ஊர் பெயரைச் சொல்லி, எழவு வீட்டுக்குச் செட் கட்டப் போயிருப்பதாகச் சொன்னார்.

பந்தலில்

வாடகை சைக்கிளில் போனேன். ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே, கரும்புக்கு மேலாக, அத்தையின் குரல் கேட்டது.

கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்த ஆள். என் வயதுதான் இருக்கும். பந்தலில் பெஞ்சின்மேல் கிடத்தியிருந்தார்கள். மணி வேப்பமரத்தடியில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தட்டக் குடுங்க மணியண்ணே" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் பந்தலை நோக்கித் தலையை அசைத்தார். "அந்தப் பொண்ணு, செத்தவன் பொண்டாட்டி, நேத்துலேர்ந்து வாயத் தொறக்கல. கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல. பித்துப் புடிச்சிடும்னு எல்லாரும் பயந்துட்டாங்க. இத போட்டப்புறந்தான் அழுவுது. இப்ப எடுன்றியா? நீயே எடு. முள்ளத் தூக்கு."

நான் தூக்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமையை நினைத்தேன். இங்கே அழுகிறவளும் அண்ணி வயதுதான். யாருக்கு இந்தப் பாட்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை.

தட்டு முடியும். மணி முள்ளை எடுத்து மறுபடி முதலில் வைப்பார். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, பந்தலில் இருந்து இன்னொரு குரல் கூடவே வந்தது. அந்தப் பெண் இரண்டு பக்கமும் இரண்டு பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு ஆடி ஆடிப் பாடினாள். மேளம் என்ற இடத்தில் அவள், அவனுடைய மண்வெட்டியை நினைத்து, மம்முட்டி என்றாள். *தோளுல தொங்குன மம்முட்டி, என் ராசா, தூணுல தொங்குதே.* அதற்கப்புறம் அத்தை பாடாத வரிகள் வந்தன. கிணற்றைக் கேட்டாள். மண்ணைக் கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் அவள் விட்ட இடத்தில் எடுத்தார்கள்.

தட்டு முடிந்து முள் உள் வட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. மணி அதைத் தூக்கினார். மறுபடி வைக்கவில்லை. பந்தலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு நிற்கவும் இல்லை.

மணி தட்டைச் சட்டையில் துடைத்து உறையில் போட்டார். "நாலு எழவு பாத்துட்டேன் இத வச்சி. இன்னும் நாப்பது பாக்கலாம். பதினஞ்சிக்குத் தர முடியாது தம்பி. நானும் புள்ளகுட்டிக்காரன்." நூற்றுப் பத்து ரூபாய் கேட்டார். தேர்வாணைய விண்ணப்பத்துக்கும் மெட்ராஸ் போய் எழுதும் செலவுக்கும் வைத்திருந்தது என் சட்டைப் பையில் இருந்தது. எண்ணிக் கொடுத்தேன். அந்த வருடம் நான் தேர்வு எழுதவில்லை.

எந்தப் பக்கம்

கோலியனூர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. அண்ணி தட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதான் கடைசியா?"

"இதான் அண்ணி."

எங்கிருந்து எடுத்து வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

"எந்தப் பக்கம்னு காட்டு தம்பி. நாத்துப் பாட்டு கெடக் கூடாது. அவரு ஆசையா கேப்பாரு."

காட்டினேன். அண்ணி ஒரு ஆணியை எடுத்து, தட்டை மடியில் வைத்து, கோலம் போடுகிற நிதானத்தில் தானே கீறினார்.

திங்கட்கிழமை கைநாட்டு வைத்தார். அண்ணன் பிழைத்தார். கோலியனூர் கடைத்தெருவில் இப்போது வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார்.

ஒரு பக்கம் மட்டும் பாடுகிற தட்டை ரேடியோ செட்காரர்கள் யாரும் வாங்கவில்லை. தெரிந்தவர்கள் இரக்கப்பட்டு வாங்கியது நாற்பத்து மூன்று. வால்வுக்குக் குறைந்த பணத்துக்காக ஸ்டீபனின் கிடாரையும், பாபுவின் ட்ரம்ஸையும், என் புல்புல்தாராவையும், இரண்டு மைக்கையும் பண்ருட்டிக் குழு ஒன்றுக்கு மொத்தமாகக் கொடுத்தோம். அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எங்கேயும் வாசிக்கவில்லை. பண்ருட்டிக்காரர்கள் கொடுத்தது மூவாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். வேப்பமரத்தடியில் நான் கொடுத்ததையும் சேர்த்தால், அந்தப் பின்பக்கத்துக்கு நாங்கள் கொடுத்த விலை மூவாயிரத்து நானூற்று அறுபது.